ஞாயிற்றுக்கிழமைத் தெலுங்கு

1

கவலைப்படாமல் அனுபவித்த பொழுதுபோக்கு என்று என் ஆயுசில் ஒன்றுகூடக் கிடையாது. சினிமாவுக்குப் போனால், கொட்டகை தீப்பிடித்தால் எந்தப் பக்கமாக ஓடுவது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வேன். அதற்குள் பாதிப் படம் போய்விடும். சைக்கிள் ஏறினால் பின்சக்கரத்தில் காற்று இறங்குவதுபோலவே இருக்கும். கேரம் பலகை முன்னால் உட்கார்ந்து சிவப்புக் காயைப் போட்டுவிட்டால் சந்தோஷம் வராது. அடுத்த காய் விழாவிட்டால் அதைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டுமே என்ற பயம்தான் வரும். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்தபோது மற்றவர்கள் மேல்தட்டில் சீட்டாடினார்கள். நான் உயிர்காக்கும் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று மாலுமிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சாமி உங்களுக்குத் தலையில எழுதறப்போ அவரு கையே நடுங்கிக்கீது” என்பாள் என் மனைவி ராஜம்மா. நகரிக்காரி. எதற்கும் பயப்படமாட்டாள்.

புத்தூர் நகரிப் பக்கத்தில் இருக்கும் நீங்கள், மலாயாவுக்குப் போனவன் ஜாலியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஈப்போவில் சினிமாக் கொட்டகைக்குப் பஞ்சமில்லை. சாலைகள் வழவழவென்று இருக்கின்றன. ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளுக்குள் குகைக் கோயில்கள் இருக்கின்றன. நான் ஒரு மரவாடியில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. வாரம் பூராவும் பலகை எண்ணுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மனிதனாக நடமாடும் நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போன மாதம் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

காரணம் நீங்கள்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போய், நம் புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன அல்லவா? அதனால் வந்த வினை.

2

இங்கே ஞாயிற்றுக்கிழமை வெளியே உலாவப் போவதை மலாய்க்காரர்கள் ‘மகான் அங்கின்’ என்கிறார்கள். காற்றுத் தின்பது என்று அர்த்தம். என் மகள் செல்விக்கு ஏழு வயது. அவள் அதை அப்படியே நம் வீட்டுப் பேச்சில் போட்டு, “நைனா, காத்து துன்னப் போலாமா?” என்று கேட்பாள். முதல் தடவை கேட்டபோது ராஜம்மா அகப்பையோடு ஓடிவந்து, “மொதல்ல சோறு துன்னுடி” என்று அதட்டினாள்.

செல்வியைப் பற்றி எனக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. அவளுக்கு ஊர் தெரியாது. நம் ஏரியைப் பற்றிச் சொன்னால், “அதுல போட் வுடுவாங்களா?” என்று படகைப் பற்றிக் கேட்கிறாள். திருப்பதி என்றால் சீனன் கடைக் காலண்டரில் வரும் சாமி. சித்தப்பா யார், பெரியப்பா யார் என்று சொல்லித்தந்தால் பாட்மிண்டன் மட்டையைத் தேடிக்கொண்டு ஓடுகிறாள். தோழிகள் முன்னால் என்னை டாடி என்கிறாள், வீட்டில் நைனா என்கிறாள். நாளைக்கு ஊருக்குப் போனால் யாரிடம் எப்படிப் பேச வேண்டும், எங்கே உட்கார வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்று ஒன்றும் தெரியாமல் நாலு பேர் சிரிக்க நிற்பாளே என்று எனக்குத் தூக்கம் வராது. கேட்டால் ராஜம்மா, “அப்போ தெரிஞ்சிக்குவா, வுடுங்க” என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எங்களுக்கே ஊர் எது என்று குழப்பம் இருக்கும்போது அவளைச் சொல்லி என்ன? இந்த நாட்டுப் பிரஜையாக மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குப் போனோம். என்னைத் தனியாகக் கேட்டார்கள், ராஜம்மாவைத் தனியாகக் கேட்டார்கள். இந்தியாவில் எந்த மாகாணம் என்றதற்கு நான் பழைய ஞாபகத்தில் மெட்ராஸ் என்றேன். ராஜம்மா ஆந்திரா என்றாள். எந்த ஜில்லா என்றதற்கு இருவரும் சித்தூர் என்றோம். அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஜில்லா எப்படி ரெண்டு மாகாணத்தில் இருக்கும், நீங்கள் உண்மையிலேயே புருஷன் பெண்சாதிதானா என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. ராஜம்மா சிரித்துக்கொண்டே, “நாங்க நகரல துரை, ஊருதான் நகுந்துட்ச்சி” என்றாள். மொழிபெயர்த்தவர் அதைச் சொன்னதும் அதிகாரியும் சிரித்துவிட்டார். நான் மட்டும் அன்று இரவு வரை கையெழுத்து விழுந்ததா விழவில்லையா என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

3

முனிரத்தினத்தை நான் சந்தித்தது ஒரு தெலுங்குப் பட வரிசையில்.

ஈப்போவில் தமிழ்ப் படங்கள் தொடர்ந்து வரும். தெலுங்குப் படம் எப்போதாவது, தோட்டங்களில் வேலை செய்யும் தெலுங்குக்காரர்களுக்காக, ஞாயிறு காலைக் காட்சியாகப் போடுவார்கள். நம் பக்கத்து டெண்டுக் கொட்டாயில் ஒரு வாரம் தமிழ்ப் படம், அடுத்த வாரம் தெலுங்குப் படம் என்று பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பி, “ஏமய்யா, டிக்கெட்டு தொருகுதுந்தா?” என்றார். டிக்கெட் கிடைக்குமா என்று என்னைப் போலவே கவலைப்படும் ஆள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. தெலுங்கிலேயே பதில் சொன்னேன்.

நம் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். எதிராளி எந்த பாஷையோ அந்த பாஷையில்தான் நாம் பேசுவோம். அவரைத் தமிழுக்கு இழுப்பது, விருந்தாளியை எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கச் சொல்வதுபோல. பெயரை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. நான் வெங்கடேசு, அவர் முனிரத்தினம். புத்தூரில் கல்லை எறிந்தால் இரண்டு பாஷைக்காரனிலும் ஒரு வெங்கடேசு மேல் விழும், ஒரு முனிரத்தினம் மேல் விழும். டீக்கடையில் அவர் தமிழ் பேசினார். அது ஒரு சாட்சியா? ஈப்போவில் தெலுங்கர் எல்லாரும் கடையில் தமிழ்தான் பேசுகிறார்கள்.

படம் விட்டதும் எந்த ஊர் என்று கேட்டேன். “புத்தூர் பக்கம்” என்றார். நானும் புத்தூர் பக்கம்தான் என்றேன். அவர் உடனே படத்தில் வந்த சண்டைக் காட்சியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆறு வருஷம். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், மரத்துப் பாலைச் சேர்த்துவைக்கும் பால் ஸ்டோரில் வேலை. ஞாயிறு தவறாமல் காலை பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்துவிடுவார். ஒரு வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்வார், நான் என் சைக்கிள். குகைக் கோயில் வரை மிதிப்போம். திரும்பி வந்து ஒரே தட்டில் வடை தின்போம். மத்தியானம் படம். அதன் பிறகு வாசகசாலைத் தாழ்வாரத்தில் கேரம், அவருடைய கடைசி பஸ் வரும் வரை. எல்லாம் தெலுங்கில்தான். தமிழ்ப் படத்தைப் பார்த்துவிட்டும் தெலுங்கில்தான் திட்டுவோம். ‘நுவ்வு’, ‘ஏமய்யா’ என்றுதான் பேச்சு. அதாவது நீ, வா, போ. என்னை அப்படி நீ என்று கூப்பிட இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. மரவாடியில் நான் கிராணியார், கடைவீதியில் ஐயா. என் பயங்களையெல்லாம் அவரிடம்தான் சொல்வேன். அவர் அவற்றோடு தன்னுடைய பயம் ஒன்றையும் சேர்த்துவிடுவார். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் சேர்ந்தால் கொஞ்சம் தைரியம் வரும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

எல்லைப் பேச்சை மட்டும் இருவரும் தொடமாட்டோம். நான் தமிழன். அவர் தெலுங்கர். அவர் மனம் நோகும்படி எதுவும் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று நான் ஜாக்கிரதையாக இருந்தேன். அவரும் ஜாக்கிரதையாகவே இருந்தார்.

4

எனக்கு அந்தப் பேச்சில் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆந்திரா பிரியப் போகிறது என்று ரகளை நடந்த சமயம், நான் கப்பலேறுவதற்குக் கொஞ்சம் முன்னால், திருப்பதியில் ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டு ராஜம்மாவைக் கேரியரில் உட்காரவைத்துச் சைக்கிளில் புறப்பட்டேன். கல்யாணமான புதிது. வழியெல்லாம் ஊர்ப் பலகைகளில் தார் பூசியிருந்தார்கள். ஒரு பலகையில் தமிழ் எழுத்து மேல் தார், அடுத்த பலகையில் தெலுங்கு எழுத்து மேல் தார். ஒரு திருப்பத்தில் பத்துப் பதினைந்து பேர் தடியோடு மறித்தார்கள்.

“மீரு எவரு? நீங்க யாரு?” என்று இரண்டு பாஷையிலும் கேட்டான் ஒருவன். எந்த பாஷையில் பதில் சொன்னால் அடி விழாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் ஊமையாகிவிட்டேன். முகத்தில் என்ன எழுதியா இருக்கும்? என்னைப்போலவே இருந்தார்கள். ராஜம்மாதான் கேரியரிலிருந்து குதித்து இறங்கி, பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும், “படம் பாக்கப் போறோம், ஆட்ட டைமாயிந்தி, வழி வுடுங்கப்பா” என்றாள். ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்து வழிவிட்டார்கள். அது தமிழ்க் கூட்டமா தெலுங்குக் கூட்டமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தில் என்ன நடந்தது என்றும் தெரியாது. திரும்பும்போது அவர்கள் அங்கேயே இருப்பார்களா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

போன மாதம் கோலாலம்பூர்ப் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. திருத்தணி அந்தப் பக்கம், புத்தூரும் நகரியும் இந்தப் பக்கம். தம்பி பிள்ளைகள் இனி என்ன பாஷையில் படிப்பார்கள், நிலத்துப் பட்டாவைப் படித்துக்காட்ட யாரைத் தேடிப் போவார்கள் என்று ராஜம்மா தன் வழக்கத்துக்கு மாறாக ஒரு வேளை சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை முட்டியது. ஆனால் அதைவிட முன்னால் வந்து நின்ற கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினத்தை எப்படிப் பார்ப்பது?

அவர் சந்தோஷமாக இருப்பார். இருக்க வேண்டியதுதான், அவர்கள் கேட்டது கிடைத்தது. அவர் சந்தோஷத்தைக் காட்டினால் எனக்கு வலிக்கும். எனக்காக அதை மறைத்துக்கொண்டு, பாவம் என்று தோளைத் தட்டினால் அதைவிட வலிக்கும். சனிக்கிழமை ராத்திரி பூராவும் கண்ணாடி முன்னால் நின்று, ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துப் பழகினேன்.

ஞாயிறு காலை பஸ் வந்தது. அவர் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. தனியாகச் சைக்கிள் மிதிக்க மனமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. வாசகசாலையில் இன்னொருவர் கேரம் ஆடக் கூப்பிட்டார். ஆடினேன். சிவப்புக் காயை நான் போட்டபோது யாரும் “அடப்பாவி” என்று தெலுங்கில் கத்தவில்லை.

காய்ச்சலா, ரப்பர் மரத்தில் அடிபட்டாரா, இல்லை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டாரா? மூன்றாவதுதான் என்று மனம் சொன்னது. நான் தமிழன் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஜெயித்தவன் தோற்றவன் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று நின்றுகொண்டார். ஆறு வருஷப் பழக்கம் ஒரு பேப்பர்ச் செய்தியில் போய்விடுமா? போய்விடும் என்றுதான் தோன்றியது. அந்த வாரம் மரவாடியில் பலகைகளை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன்.

“போயி பாத்துட்டுத்தான் வாங்களேன்” என்றாள் ராஜம்மா. “இங்க குந்திக்கினு தேஞ்சி போறதுக்கு அது தேவல.”

6

மூன்றாவது ஞாயிறு காலை சைக்கிளில் புறப்பட்டேன். சுங்கை சிப்புட் சாலை எனக்கு ஆகாத சாலை. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட காலத்தில் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். இப்போது கெடுபிடி முக்காலும் தளர்ந்துவிட்டது. இருந்தாலும் ஓரிடத்தில் கம்பு போட்டு மறிக்கிறார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனால் பிடித்துக்கொள்வார்கள் என்று கேள்வி. ராஜம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அதற்குப் பயந்து ஈப்போ எல்லையிலேயே மர நிழலில் நின்று தின்று தீர்த்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு யார் புளிச்சோறு தின்பார்கள்? வழியெல்லாம் எதுக்களித்தது.

மறிப்பில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் என் அடையாள அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கே போகிறாய் என்றார். ஒரு சிநேகிதனை இழந்துவிட்டேனா என்று பார்க்கப் போகிறேன் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? “மகான் அங்கின்” என்றேன். வியர்த்து நனைந்து, வெளிறிப்போன முகத்தோடு நின்றுகொண்டு உல்லாசமாகக் காற்றுத் தின்னப் போகிறேன் என்று சொன்னவனை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். சிரித்துக்கொண்டே கம்பைத் தூக்கினார்.

தோட்டத்துக்குப் போய்ப் பால் ஸ்டோர் முனிரத்தினம் என்று விசாரித்ததும் ஒரு லயத்து வீட்டைக் காட்டினார்கள். வரிசையாக ஒட்டிக்கட்டிய தோட்டத்து வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஒரு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்று தெரிந்தது. மரியாதையாகத் தெலுங்கில், முனிரத்தினம் இருக்கிறாரா, நான் ஈப்போ வெங்கடேசு என்றேன். அந்த அம்மாள் தெலுங்கில், “உன்னாரு, ஒக்க நிமிஷம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பலகைச் சுவர். உள்ளே பேசியது அப்படியே கேட்டது.

“ஈப்போ தெலுங்குக்காரரு வந்துக்கினு கீறாருய்யா.”

“ஐயையோ. நான் ஊட்ல இல்லன்னு சொல்லிடு.”

“கீறாருன்னு சொல்லிட்டனே.”

“ஏண்டி சொன்ன? அவங்க கேட்டது அவங்களுக்கு வந்துட்ச்சி, சந்தோசத்துல வந்துக்கீறாரு. நம்ம ஊரு போச்சேன்னு நான் சோறு எறங்காம கீறேன். எந்த மூஞ்ச வச்சிக்கினு அந்தாளு முன்னால போயி சிரிக்கறது?”

எனக்கு முதலில் அர்த்தமே ஆகவில்லை. வார்த்தை எல்லாம் நம் ஊர் வார்த்தை. குரல் முனிரத்தினத்தின் குரல். அந்தக் குரலில் அந்த வார்த்தைகளை நான் கேட்டதே இல்லை. வாசலில் நின்றபடியே கத்தினேன்.

“யோவ் முனிரத்தினம்! எங்க ஊருந்தான்யா போச்சி!”

உள்ளே சத்தம் நின்றது. அப்புறம் அவர் கதவருகில் வந்து, பேயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“நீ தமிழாளாய்யா?”

“ஆமாய்யா. நீயி?”

“அடப்பாவி!” என்றார். இந்தத் தடவை தமிழில்.

சிரித்தோம் பாருங்கள், பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்கும் அளவுக்குச் சிரித்தோம். தெலுங்குப் பட வரிசையில் நின்றதால் நான் தெலுங்கன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் தெலுங்கில் கேட்டதால் அவர் தெலுங்கர் என்று நான் நினைத்தேன். என் மனம் நோகக் கூடாது என்று அவரும், அவர் மனம் நோகக் கூடாது என்று நானும், இரண்டு தமிழர்கள் ஆறு வருஷம் கடல் தாண்டி வந்து தெலுங்கு பேசியிருக்கிறோம். மரியாதை என்றால் நம் சீமை மரியாதை! அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சை இழுத்துப் போட்டார். தோளோடு தோள் உட்கார்ந்தோம்.

சந்தோஷத்தில் கேட்டேன்: “எந்த ஊருய்யா நீ?”

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “வேப்பகுண்டா” என்றார்.

“வேப்பகுண்டாவா! நான் ஆலம்பட்டுய்யா! ஏரிக்கு இந்தக் கரை. மேட்டு வூடுன்னா தெரியுமா? கெணத்தாண்ட பெரிய புளியமரம்…”

முனிரத்தினம் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

7

“மேட்டு வூட்டுப் புள்ளைங்களா நீங்க?” என்றார். “எங்க நைனா உங்க கழனியிலதாங்க நாத்து நட்டாரு.”

வேப்பகுண்டாவில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நடுவில் ஓடை. டெண்டுக் கொட்டாய்க்குப் போகும்போது அந்த ஓடைப் பாலத்தில்தான் சைக்கிளை இறக்குவேன். எங்கள் கழனியில் நாற்று நட வருகிறவர்கள் ஓடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

“நம்ம பக்கத்து டெண்டு கொட்டாயிலதான் நானும் படம் பாத்தேன். வேலியோரமா நின்னுக்கினு” என்றார். நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நீங்க எந்த ஊருன்னு கேட்டப்போல்லாம் புத்தூர் பக்கம்னு சொல்லிட்டு சினிமாப் பேச்சுக்கு ஓடிடுவேன். வேத்து பாஷைக்காரரு, அதுக்கு மேல கேக்கமாட்டாருன்னு தைரியம். நம்ம பாஷையில அப்பிடி முடியாதுங்க. மொதல்ல எந்த ஊருன்னு வரும். அப்பால எந்தப் பக்கம்னு வரும்.”

ஆறு வருஷமாக என்னை நுவ்வு என்றவர். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் ‘நீ’ என்று கத்தியவர். இப்போது அவர் வாயில் ‘நீங்க’. இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் அவர் வராமல் போய்விடுவாரோ என்றுதான். இதோ எதிரில்தான் நிற்கிறார், ஆனால் பெஞ்சில் இடம் காலி. அவரை இழந்தால் இந்த நாட்டில் எனக்கு யாரும் இல்லை என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது.

உட்காரச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ‘உக்காரு’ என்றால் மேட்டு வீட்டுக்காரன் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆளிடம் சொல்வதாக ஆகிவிடும். ‘உக்காருங்க’ என்றால் அவர் இன்னும் ஒரு அடி தள்ளி நிற்பார். எனக்குத் தெரிந்த தமிழில் அவரை என் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு வார்த்தை அகப்படவில்லை.

“கூர்ச்சோவய்யா” என்றேன், தெலுங்கில்.

முனிரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தோம். அடுத்த வாரம் என்ன படம் என்று தெலுங்கில் கேட்டார். சொன்னேன். அது நன்றாக இருக்காது, கதாநாயகி சாகிறாளாம் என்று தன் பயத்தைச் சொன்னார். மெல்ல மெல்லப் பேச்சு பழைய தடத்துக்கு வந்தது. கிளம்பும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலில் என் வீட்டுக்குச் சாப்பிட வா, குடும்பத்தோடு வா, அப்புறம் படத்துக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். ஆறு வருஷத்தில் கூப்பிட்டதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று அவரும் வந்ததில்லை.

“உன் வீட்டு அம்மா என்ன சொல்லும்?” என்று தெலுங்கில் கேட்டார்.

“என்ன சொல்லப் போகிறாள்?” என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தேன்.

8

திரும்பும் வழியில் சைக்கிள் தானாக ஓடியது, நான் ராஜம்மாவிடம் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்லவள்தான். தடி எடுத்தவர்கள் முன்னால் நின்றவள். ஆனால் நகரியில் அவள் பிறந்த வீட்டுச் சமையலறைக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். இங்கே வந்தபோது பெட்டியில் வைத்து அதையும் கொண்டுவந்திருக்கிறோம். முனிரத்தினம் வாசலில் வந்து நிற்கும்போது அவள் முகம் ஒரு கணம் மாறினால் போதும், அவர் எழுந்துகொள்வார். அப்புறம் எந்த பாஷையிலும் உட்காரமாட்டார்.

வீட்டில் ராஜம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செல்வி தரையில் படுத்து ஏதோ இங்கிலீஷ் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இரண்டு தமிழர்கள் தெலுங்கு பேசிய கதையைக் கேட்டு ராஜம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, “உங்களுக்குன்னு வந்து வாச்சாரே!” என்றாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழம நம்ம ஊட்டுக்குச் சாப்பிட வராங்க. குடும்பத்தோட.”

“வரட்டும். எந்த ஊராம்?”

“வேப்பகுண்டா.”

“அட, எங்க பெரியம்மா ஊருக்குப் பக்கம்.” முறத்தைத் திரும்ப எடுத்தாள். அவள் கை ஒரு தரம் தட்டியது. நின்றது. “வேப்பகுண்டாவுல எந்தப் பக்கம்?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எந்தப் பக்கம்னா இன்னா நைனா? லெஃப்ட்டா ரைட்டா?”

ராஜம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். செல்வி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே, யாராவது சொல்லித்தர வேண்டுமே என்றுதான் இத்தனை வருஷம் தூக்கம் கெட்டேன். இப்போது அவளே கேட்கிறாள், சொல்லித்தர இரண்டு பேர் எதிரில் இருக்கிறோம். ஆனால் இருவருமே சொல்லித்தரவில்லை.

முறம் மறுபடி தட்ட ஆரம்பித்தது. தவிடு பறந்து தரையில் விழுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மீனு துன்னுவாங்களா?” என்றாள் ராஜம்மா, தலையைத் தூக்காமல்.

“துன்னுவாங்க, துன்னுவாங்க” என்றேன். மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பேருக்கு நல்ல மீன் கிடைக்குமா என்ற கவலை அப்போதே பிடித்துக்கொண்டது.